கிருபாநிதியும் ஹெரால்டின் முனகலும்

பிசைந்த சோறு வாய்க்குப் போகாமல் பாதி வழியில் நின்றது. வெளியே துறைமுகத்துக்குப் போகிற லாரி ஒன்று வளைவில் கியரை மாற்றியது. கிருபாநிதி எச்சில் கையோடு எழுந்து ஷெட் வாசலுக்குப் போய், லாரி கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார். திரும்பி வந்து, நின்றபடியே ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"ரெண்டாவது கியருல ஒரு பல்லு மூளியாயிட்டு. கூடிய சீக்கிரம் இங்கனதான் வருவான்."

"அவன் வந்து உங்ககிட்ட கேட்டானா? உக்காந்து தின்னுங்க," என்றார் மெட்டில்டா. தினமும் தூக்குச்சட்டியில் மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிற அவருடைய மனைவி. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததுதான், அதற்குப் பிறகு தன் புருஷன் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்பது அந்த அம்மாளின் நிரந்தரப் புகார்.

தூத்துக்குடியில் பாளையங்கோட்டை சாலையோரம், தகரம் வேய்ந்த ஒரு ஷெட்டில் கிருபாநிதி கார் பழுது பார்க்கிறார். சொந்த ஊர் நாசரேத். அப்பா, அக்கா, தங்கை எல்லாருமே பள்ளிக்கூட ஆசிரியர்கள். இவர் மட்டும் வகுப்பறையில் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாமல் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார். கோயிலில் பிரசங்கம் நடக்கும்போது மின்விசிறி கிறீச்சிட்டால் அவருடைய முழங்கால் ஆட ஆரம்பித்துவிடும். ஒருமுறை ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரம் பார்த்து, போய் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். வேர்த்துக் கொட்டியபோதுதான் சபைக்கு விஷயம் தெரிந்தது.

சத்தங்களுக்கு அவர் தனிப் பெயர் வைத்திருக்கிறார். "சிணுங்குச்சின்னா எண்ணெய் கேக்குதுன்னு அர்த்தம். பல்ல கடிச்சிச்சின்னா கியரு. முனகுச்சின்னா பேரிங்கு, வேற ஒண்ணுங் கெடையாது." இதைப் பணிவாகச் சொல்லும் ஆள் இல்லை அவர். தன் காதைப் பற்றி அவருக்குக் கர்வம் உண்டு. அது தப்பாகச் சொல்லிவிட்டால், வண்டிக்காரரைவிட இவர்தான் அதிகம் தவிப்பார். ஷெட்டுக்கும் சாலைக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

போன வருஷம் அவரை அப்படி நடக்க வைத்தது ஒரு சிவப்பு ஹெரால்டு கார்.

சிவனணைந்தபெருமாள் லாரி முதலாளி வீட்டுப் பிள்ளை. புதுத் துறைமுகத்தில் அவர்கள் லாரிகள் ஓடுகின்றன. பெருமாளுக்கு லாரியில் மனம் ஒட்டவில்லை. மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் நடக்கிற கார்ப் பந்தயத்தில் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தன் ஹெரால்டை வேகத்துக்குத் தயார் செய்துவந்தான். அதற்காகப் பந்தயக் கார்களுக்கென்றே செய்த ஒரு கியர்பெட்டியைக் கப்பலில் வரவழைத்தான். அதைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது நான் வேலை பார்க்கிற கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். அப்படித்தான் நானும் இந்தக் கதைக்குள் வந்தேன்.

பெட்டி வேறு காருக்கானது. ஹெரால்டின் என்ஜினோடு நேராகப் பொருந்தாது. நடுவில் ஒரு கனத்த இரும்புத் தட்டு வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். அந்தத் தட்டைக் கிருபாநிதியே லேத்தில் கடைந்தார். வண்டி ஓடியது. பந்தயக் கியர்களின் பற்கள் நேராக இருப்பதால் ஓடும்போது ஒரு கூரிய ஓசை எழும். அது குறையில்லை, அதன் குணம். கிருபாநிதி அதைப் பாட்டு என்பார். ஆனால் சில நாட்களில் பாட்டுக்கு அடியில் இன்னொன்று கேட்டது.

"அண்ணாச்சி, தேங்கா துருவுத மாதிரி ஒரு சத்தம்," என்றான் பெருமாள்.

வண்டியை நிறுத்தி, கியர் போடாமல் என்ஜினை மட்டும் ஓடவிட்டார்கள். முனகல் இருந்தது. கிளச்சை மிதித்தால் நின்றது, விட்டால் மறுபடி வந்தது. கிளச்சை மிதிக்கும்போது என்ஜினின் சுழற்சி கியர்பெட்டிக்குப் போகாது. ஆகவே சத்தம் பெட்டிக்குள்தான். பெட்டிக்குள் எங்கே என்று பார்க்க, முன் இருக்கை ஒன்றைக் கழற்றிவிட்டு, கியர்பெட்டியை மூடியிருந்த உறையையும் எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் கிருபாநிதி குந்திக்கொண்டார். நான் பின்னால் இருந்தேன். பெருமாள் உப்பளங்களுக்கு நடுவே போகிற சாலையில் வண்டியை விரட்டினான். கீழே தார் ஓடுவது தெரிந்தது. சூடான எண்ணெய் வாடை முகத்தில் அடித்தது. கிருபாநிதி பெட்டியின் மேல் கவிழ்ந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "மூணு போடு… நாலு போடு… கால எடு," என்று சொல்லிக்கொண்டே வந்தார். எந்தக் கியரிலும் முனகல் போகவில்லை.

"என்ஜின்லேந்து உள்ள வருதுல்லா மொத தண்டு, அதத் தாங்குத பேரிங்கு," என்றார் நிமிர்ந்து. நெற்றியெல்லாம் கரி.

பேரிங்கை மாற்றினார். சத்தம் போயிற்று. ஒரு வாரம்கூட ஆகவில்லை, திரும்பி வந்தது. மறுபடி பிரித்தார். இந்தத் தடவை டீக்கடை, மரக்கடை, எங்கள் அலுவலகம் என்று கண்ட இடமெல்லாம் வெளிநாட்டுக்காரனைத் திட்டினார். "எவனோ கண்ண மூடிக்கிட்டு செஞ்ச பெட்டி. நம்ம தலையில கட்டிட்டான்." இரண்டாவது பேரிங்கும் மாறியது. முனகல் அடியோடு நின்றது. பெருமாள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். மறுநாள் மெட்ராஸுக்குக் கிளம்ப வேண்டும். இந்தப் பந்தயத்தோடு காரை விற்றுவிட்டு லாரிகளைக் கவனிக்க வேண்டும் என்று அவனுடைய அப்பா முடிவாகச் சொல்லியிருந்தார். அவனுக்கு இது முதல் பந்தயம், கடைசிப் பந்தயமும் இதுதான்.

அன்று மத்தியானம் அலுவலக ஜீப்பை எடுக்க நான் ஷெட்டுக்குப் போயிருந்தேன். கழற்றிப் போட்ட பழைய பேரிங்குகள் இரண்டையும் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த கிருபாநிதி திடீரென்று அவற்றை மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தார். குண்டுகள் ஓடுகிற தடம் சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே பக்கம்தான் தேய்ந்திருந்தது.

"ரெண்டும் ஒரே கோணலா தேஞ்சிருக்கு," என்றார். நடக்க ஆரம்பித்தார்.

பேரிங் நல்லதுதான், அது பொருந்தியிருக்கிற இடம் கோணல் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்தைத் தீர்மானிப்பது அவர் கடைந்த தட்டு. தட்டின் நடுத்துளையைக் கடைந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டதாம். வரும்வரை சும்மா நிற்க முடியாமல், தட்டை லேத்திலிருந்து கழற்றி, போல்ட்டுத் துளைகளை அரம் போட்டுச் சீர் செய்திருக்கிறார். கரண்ட் வந்ததும் திரும்ப மாட்டி மீதியைக் கடைந்து முடித்துவிட்டார். திரும்ப மாட்டியபோது மயிரிழை விலகியிருக்க வேண்டும். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவில்லை. சாப்பாடு கொண்டுவந்த மெட்டில்டாவிடம், முகத்தைப் பார்க்காமல், நடந்தபடியே சொன்னார்.

"இப்ப சத்தம் இல்லல்லா?" என்று கேட்டார் மெட்டில்டா.

"இப்ப இல்ல."

"அந்தப் பையனுக்கு ஒண்ணு ஆச்சின்னா அவங்க அம்மா மூஞ்சில முழிப்பியளா? தெரிஞ்சிட்டுல்லா, பொறவு எதுக்கு இங்கன நடந்துகிட்டு இருக்கிய? அங்க நடங்க."

நடக்கவில்லை. தன்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகும்படி என்னிடம் சொன்னார். பெருமாள் வீட்டு வாசலில் ஹெரால்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா படியில் நின்றிருந்தார்.

"தம்பி, இந்த வண்டி பந்தயத்துக்கு ஆவாது. தட்டு கோணல்."

"நல்லாத்தான ஓடுது."

"ரோட்டுல ஓடும். அங்கன அந்த வேகத்துல பேரிங்கு ஒடஞ்சிச்சின்னா கியரு பூட்டிக்கிடும். பின்வீலு ரெண்டும் நின்னுரும். வண்டி நிக்காது."

"யாரு செஞ்ச தட்டு?"

"நான் செஞ்சது."

பெருமாள் துணியைக் கீழே போட்டான். "ஊரெல்லாம் வெள்ளக்காரன் பெட்டிதான் சரியில்லன்னு சொன்னியள. இப்ப நாளைக்குக் கெளம்பணும்ங்கையில வந்து தட்டு கோணல்ங்கிய. ஓட்டப்போறது நான். நான் போறேன்."

கிருபாநிதி ஹெரால்டின் முன்மூடியைத் தூக்கினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலுகிற சின்ன ரோட்டரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இல்லாமல் என்ஜின் உயிர் பெறாது. பெருமாள் அவர் சட்டையைப் பிடிக்கப் போனான். அவன் அம்மா குறுக்கே வந்து நின்றார். "ஏலே, கைய எடு. அவரு சொன்னது எனக்குங் கேட்டுச்சு."

மறுநாள் விடிந்ததும் லாரியில் கட்டி இழுத்து ஹெரால்டை ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். "நிரூபிச்சுக் காட்டுங்க அண்ணாச்சி. இல்லன்னா கடையில வேற ரோட்டர் வாங்கிப் போட்டு இப்பவே கெளம்புதேன்," என்றான் பெருமாள். கிருபாநிதி கியர்பெட்டியைக் கழற்றி இறக்கினார். துறைமுகப் பட்டறையில் இரவல் வாங்கிய, மயிரிழை விலகலையும் ஊசியால் காட்டுகிற டயல் கேஜை என்ஜினின் சக்கரத்தில் பொருத்தி, அதன் முனையைத் தட்டின் நடுத்துளை விளிம்பில் வைத்தார். துளை நடுவில் இருந்தால், சக்கரத்தைச் சுற்றும்போது ஊசி அசையக் கூடாது.

"ஊசி அசையலன்னா?" என்று கேட்டான் பெருமாள்.

"இந்த ஷெட்ட பூட்டிட்டு நாசரேத்துக்குப் போயிருதேன்."

சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். ஊசி ஒரு பக்கமாக நகர்ந்தது. பாதிச் சுற்றுக்குப் பிறகு திரும்பி வந்தது. இன்னொரு தடவை சுற்றினார். அதே நகர்வு. தன் தப்பு நிரூபணமானதும் நீளமாக மூச்சு விட்ட ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். பெருமாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அழுகை வந்தது. கிருபாநிதி அவன் பக்கம் பார்க்காமல், கேஜைக் கழற்றித் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

பந்தயம் போய்விட்டது. புதுத் தட்டு கடைந்து வண்டி சரியாக ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. கடையும்போது இரண்டு தடவை கரண்ட் போனது. இரண்டு தடவையும் லேத்தைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றி மாற்றி நின்றாரே தவிர, தட்டைத் தொடவில்லை. பெருமாள் வந்து வண்டியைப் பார்ப்பான், வேலை எவ்வளவு ஆயிற்று என்று கேட்பான், போய்விடுவான். அதற்கு மேல் பேச்சில்லை. லாரிகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்தான்.

காரை வாங்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். ஷெட்டில் வைத்துத்தான் கைமாற்றுவதாக ஏற்பாடு. வந்தவருக்கு டீ சொல்லிவிட்டு, பெருமாள் சாவியைக் கிருபாநிதியிடம் நீட்டினான்.

"அண்ணாச்சி, கடைசியா ஒரு சுத்து போயிட்டு வந்துருவோம். நீங்க ஓட்டுங்க."

"நான் கேக்குத ஆளு தம்பி. ஓட்டுத ஆளு இல்ல."

"இன்னிக்கு நான் கேக்கேன்."

பெருமாள் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். திருச்செந்தூர் சாலையில் வண்டி போயிற்று. முதலில் கிருபாநிதி மாட்டுவண்டி போலத்தான் ஓட்டினார். பிறகு மூன்றாவது கியரில் கொஞ்சம் மிதித்தார். கியர்களின் பாட்டு மட்டும் எழுந்தது, அதன் அடியில் எதுவும் இல்லை. பெருமாள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான்.

முத்தையாபுரம் வந்ததும், "இங்கன திருப்பிருங்க. மதுரைக்காரரு காத்துகிட்டு இருப்பாரு," என்றான்.

கிருபாநிதி திருப்பவில்லை. ஹாரனை ஒரு தடவை அடித்து, எதிரே வந்த சைக்கிளுக்கு வழிவிட்டு, நாலாவது கியரைப் போட்டு, ஆத்தூர்ப் பாலத்தை நோக்கி அழுத்தி மிதித்தார்.