புளித்தண்ணிச் சட்டியை உதைத்தவன்

படிப்பு மூணாங்கிளாஸ். ஆனாலும் கோவிந்தாபுரத்தில் பாறையைப் பிளந்து கிணறு வெட்டினேன், அரிசி மில் வைத்தேன். இதையெல்லாம் ஒத்துக்கொள்கிறவர்கள், எமர்ஜென்சி சமயத்தில் நான் காப்பாற்றிய உயிரை மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

என் தங்கை புருஷன் வயிற்றுப் பொருமலுக்குக் காரம் கேட்டார். எங்கள் பக்கம் ஆப்பத்துக்குப் போடும் சோடாவும் காரம்தான், துணி வெளுக்கும் சோடாவும் காரம்தான். தங்கை துணிக் காரத்தைக் கலக்கிக் கொடுத்துவிட்டாள். ஒரே மடக்கில் வாய் வெந்துபோனது.

“புளித்தண்ணி ஊத்துங்க, வாந்தி எடுக்கட்டும்!” என்று அவர் அண்ணன் சட்டியோடு ஓடிவந்தார்.

“எறங்கறப்ப வெந்தது ஏறறப்ப வேகாதுங்களா?” என்று சட்டியை உதைத்தேன். வாயைக் கொப்பளிக்க வைத்து, மில் லாரியில் ஆஸ்பத்திரி சேர்த்தேன். வாந்தி எடுத்திருந்தால் தொண்டையே போயிருக்கும் என்றார் டாக்டர்.

இன்றும் விருந்துக்கு விருந்து மாப்பிள்ளை, “அண்ணன் குடுத்த புளித்தண்ணிதான் காப்பாத்துச்சு” என்கிறார். அதில் ஒரு சொட்டாவது உங்க வாயில பட்டுதுங்களா, மாப்பிள்ளை? இனிமேல் சட்டியை உதைச்சவன் பேரைச் சொல்லுங்க!