சாந்தா அக்காவின் ஊதாப் பவளம்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பவளத் தொட்டியில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றினேன். மதுரை வெக்கைக்கு இரவிலேயே அவ்வளவு வற்றிவிடும். உப்பு ஏறினால் பவளம் தாங்காது. கையைத் துடைக்கும்போதே போன் அடித்தது. சாந்தா அக்காவின் கணவர் நாகராஜன் அண்ணன். "ஒங்க அக்கா போயிட்டாம்மா. தூக்கத்துலயே" என்றார்.

வீட்டில் கடல்தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கும் நம் குழுவில் அக்காவைத் தெரியாதவர் இல்லை. விரல்நுனி அளவு வளர்ப்புத் துண்டு ஒன்றை வாங்கி, கே.கே. நகர் வீட்டில் எட்டு ஆண்டுகளில் அதைத் தாம்பாள அகலத்துக்கு வளர்த்தவர். அந்த ஊதாப் பவளத்தின் துண்டு இன்று நம்மில் பலருடைய தொட்டியில் இருக்கிறது.

எனக்கு அவர் அறிமுகமானது என் தவறால். ஒத்தக்கடை வீட்டுக்குப் புது எல்.இ.டி. விளக்கு வாங்கியபோது, பவளம் பழுப்பாக இருக்கிறதே என்று முதல் நாளே வெளிச்சத்தை நூறு சதவீதம் வைத்தேன். நான்காம் நாள் அது எலும்பாக வெளுத்துவிட்டது. குழுவில் படம் போட்டேன். முன்பின் பேசியிராத அக்கா அழைத்தார்.

"எம்புட்டு வச்ச?"

"நூறு, அக்கா."

"ஏத்தா, ஆறு மாசம் வீட்டுக்குள்ள கெடந்தவள சித்திரை வெயில்ல நிறுத்துனா மயங்கி விழ மாட்டாளா?"

மறுநாள் பழைய கொசுவலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அதை நான்காக மடித்து விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் கட்டினார். "பத்து நாளைக்கு ஒரு மடிப்பு எடு. நடுவுல கை அரிச்சா வெங்காயம் உரி."

என் கணவர் எட்டிப் பார்த்து, "கடல்ல ஏதுக்கா கொசு?" என்றார்.

"கொசுவுக்கு இல்ல மாப்ள, ஒங்க வீட்டம்மா கைக்கு."

நாற்பது நாளில் நிறம் திரும்பியது.

அக்காவின் பிறந்த வீட்டில் சாயத்தொழில். நிறத்தை வைத்தே எதையும் சொல்லிவிடுவார். "பழுப்பு விழுந்தா வெளிச்சம் பத்தல, வெளுத்தா ஜாஸ்தி. ரெண்டுக்குமே மெதுவாத்தான் மாத்தணும்" என்பார். கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எனக்கோ அளக்காமல் நம்பிக்கை வராது. ஒருமுறை ஒளிமானியோடு போய், அவர் தொட்டியின் இடது மூலையில் பாதி வெளிச்சம்தான் விழுகிறது என்று காட்டினேன். "கொண்டாந்த டப்பாவ எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றார். இரண்டு வாரம் பேசவில்லை. அடுத்து நான் போனபோது மூலைப் பவளம் நடுவுக்கு வந்திருந்தது. அன்று காப்பி இரண்டு தடவை வந்தது.

அக்கா இறந்த மூன்றாம் நாள் மறுபடி போனேன். கூடத்தில் தொட்டி பளீரென்று இருந்தது. துக்கம் கேட்க வருகிறவர்கள் அம்மா வளர்த்ததை நன்றாகப் பார்க்கட்டும் என்று மகன் வெள்ளை விளக்கை முழுதாக ஏற்றியிருந்தான். அவனைக் கோபிக்க என்னால் முடியவில்லை. ஆனால் ஊதாப் பவளத்தின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. யாரையும் கேட்காமல் வெள்ளை வெளிச்சத்தை இருபது சதவீதத்துக்கு இறக்கினேன்.

"எனக்கு இதப் பாக்கத் தெரியாதும்மா" என்றார் நாகராஜன் அண்ணன். "காரியம் முடியவும் தொட்டிய நிறுத்திரலாம்னு இருக்கோம். வேணுங்கிறவங்கள வந்து ஒடச்சு எடுத்துக்கச் சொல்லு."

உங்களில் சிலர் துண்டு கேட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அக்காவின் நினைவாக வேண்டும் என்கிறீர்கள், புரிகிறது. ஆனால் வெளுத்துக்கொண்டிருப்பதை இப்போது உடைத்தால் துண்டும் பிழைக்காது, தாயும் பிழைக்காது.

அக்காவிடமிருந்து பொறுமையைக் கற்றேன் என்று எழுத ஆசைதான். அது பொய்யாகிவிடும். அவருடைய பிடிவாதம்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது: கடைசி நுனியும் சாகிறவரை ஒரு பவளத்தைப் போய்விட்டதாக ஒப்புக்கொள்ளாத பிடிவாதம்.

நாளை அண்ணனிடம் இரண்டு மாதம் கேட்கப்போகிறேன். தினமும் கல்லூரிக்கு முன்னால் கே.கே. நகர் போய்ப் பார்த்துக்கொள்வேன். நிறம் திரும்பியதும் அதைப் பாறையோடு பெயர்த்து என் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவ்வளவு பெரியதற்கு இடம் வேண்டுமானால் என் தொட்டியைக் காலி செய்தாக வேண்டும். அதில் நான் வளர்த்தவை அத்தனையும் உங்களுக்கு. இந்த வரியை எழுதும்வரை இதை என் வீட்டில்கூடச் சொல்லவில்லை.