ஜம்பு மாமாவின் ஈரக் கை

என் அக்கா ருக்மிணியின் கணவர் ஜம்பு. ஆரணிக்காரர். புனேயில் தாபோடி பக்கம் ராணுவ அலுவலகம் ஒன்றில் கட்டட வரைபடம் போடுகிற வேலை. சிறுவயது முதலே அவருடைய உள்ளங்கைகள் மார்கழிக் குளிரிலும் சொட்டச் சொட்ட வியர்க்கும். கைக்கு அடியில் கைக்குட்டையை விரித்துக்கொண்டுதான் கோடு இழுப்பார். யாராவது கைகுலுக்க வந்தால் அவசரமாகக் கும்பிட்டுவிடுவார். ரொம்பப் பணிவானவர் என்று அலுவலகத்தில் பெயர்.

தொண்ணூற்று மூன்றில் கல்யாணம். "மணவறையில கையப் புடிச்சா அப்படி ஈரம். பாவம், என்னைப் பார்த்துப் பயந்துட்டார்னு நெனச்சேன்" என்று அக்கா இன்றும் சிரிப்பாள். பிறகு அது அவளுக்குப் பழகிப்போயிற்று.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் தேஜஸ்வினியைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் மும்பைக்குப் போகும் நெடுஞ்சாலையைக் கடந்தார். லாரி ஹாரன் கேட்டு மிரண்ட குழந்தை கையை இழுக்க, பிடி வழுக்கிவிட்டது. லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். மாமா சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதார். மறுநாளே டாக்டரிடம் போனார்.

மார்புக்குள் முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்புதான் காரணம், அதைத் துண்டிக்க வேண்டும் என்று டாக்டர் இந்தியில் சொன்னார்.

"நெஞ்சைப் பொளக்கணுமாங்க?" என்று அக்கா மாமாவிடம் பதறினாள்.

தேவையில்லையாம். அக்குளில் சின்னத் துளைகள் போதும். ஒன்றில் கேமரா போகும், இன்னொன்றில் அல்ட்ராசவுண்ட் கத்தி. அதன் நுனி கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிர்ந்து வெட்டும். வெட்டிய இடத்தில் ரத்தத்தையும் அடைத்துவிடும். வியர்வை வேறு இடத்தில் கிளம்பலாம் என்றும் டாக்டர் எச்சரித்தார். மாமா சம்மதித்தார்.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அக்கா அவர் கையைப் பிடித்தாள். கதகதப்பாக, காய்ந்திருந்தது. சட்டென்று விட்டுவிட்டாள்.

"என்ன ருக்கு?"

"யாரோ வேத்து ஆம்பள கையப் புடிச்ச மாதிரி இருக்குங்க."

"சிரிக்க வைக்காத, தையல் வலிக்குது."

அவள் மறுபடி பிடித்துக்கொண்டாள்.

அடுத்த கோடையில் டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. முதுகெல்லாம் வழிந்து சட்டை ஒட்டிக்கொண்டது.

"கஷ்டமா இல்லையா மாமா?" என்று கேட்டேன்.

"வழிஞ்சா வழியட்டும்ப்பா. முதுகாலயா புள்ளையப் புடிக்கப்போறேன்?"

மாடிக் கொடி நிறைய அவர் பனியன்கள் காயும். அந்த வீட்டில் எத்தனை ஆண்கள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்பார்கள்.

"ஒருத்தர்தான்" என்பாள் அக்கா, பெருமையாக.