கல்யாணப் பத்திரிகை சேர்த்த ராணி அக்கா

சிதம்பரத்தில் வகுப்பை முடித்து வெளியே வந்தபோது போன் அடித்தது. கடலூரிலிருந்து ராணி அக்காவின் கணவர். "ராணி போயிட்டா சார். மூளைக்காய்ச்சலாம், நாலே நாளு" என்றார். உடனே கடலூர் பஸ்ஸைப் பிடித்தேன்.

ராணி அக்காவும் நானும் ஒரே பேராசிரியரிடம் பண்பாட்டு வரலாற்றில் ஆய்வு செய்தோம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைத் தொழிலாளர் வீடுகளின் பழைய கல்யாணப் பத்திரிகைகள்தான் அவருடைய ஆய்வுப் பொருள். அப்பன் பெயருக்குப் பின்னால் இருந்த சாதி, மகன் காலத்தில் மறைந்து அங்கே 'பி.ஏ.' வந்து உட்கார்ந்ததை வீடு வீடாகப் போய்ப் பிடித்தார். ஒரு பரண் விடமாட்டார். "பத்திரிகைய எவன் படிக்கிறான் தம்பி? முகூர்த்த நேரத்தப் பாத்துட்டுத் தூக்கிப் போட்டுர்றான்" என்பார்.

2008இல் இளம் ஆய்வாளர் பரிசுக்கு விண்ணப்பம் கேட்டார்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டக் கூடாது. பரிசு கிடைத்தால் ஆய்வேடு புத்தகமாகும், வேலைக்கும் வழி பிறக்கும். ஆனால் எங்கள் பேராசிரியர் வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் பரிந்துரைக் கடிதம் தருவார். அந்த வருஷம் அக்காவின் முறை. எனக்கோ அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதைக் கேட்டதும் அக்கா, "நீ இந்த வருஷம் போடு. எனக்கு இன்னும் ஒரு வருஷம் கெடக்குது" என்றார்.

கிடக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது போதாமல், அவர் அப்பா ஒரு வருஷத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தார். நம் பக்கத்தில் எந்த வீட்டில் இது நடக்கவில்லை? அக்கா வீட்டு வயதை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார். சான்றிதழ்படி அதுதான் அவருக்குக் கடைசி வருஷம்.

இதை எழுதக் கை கூசுகிறது. அந்த வாரம் என் சான்றிதழ்களையும், அடுத்த வருஷத்துக்கென்று அவர் கொடுத்தவற்றையும் சான்றொப்பம் வாங்க எடுத்துப்போனவன் நான். அவர் பிறந்த தேதியைப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணியும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

பரிசு எனக்கு வந்தது, வேலையும் வந்தது. மறுவருஷம் அவருடைய விண்ணப்பம் வயது தாண்டிவிட்டதென்று திரும்பி வந்தது. "அட, எங்கப்பன் பண்ண வேல!" என்று சிரித்தார். கடைசிவரை தற்காலிக விரிவுரையாளராகவே இருந்தார். அவர் ஆய்வேட்டை எந்தப் பதிப்பகமும் தொடவில்லை. இனி யார் தொடப்போகிறார்கள்?

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் தேதிய நீங்க பாத்திருப்பீங்கன்னு ராணிக்குத் தெரியும் சார். 'பாவம், கல்யாணம் ஆவுற புள்ள, பயந்துருக்கும், கேக்காதீங்க'ன்னுட்டா."

அவரைத் தெரிந்த உங்களுக்கெல்லாம் அவருடைய சிரிப்பு மிஞ்சும். என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய ஒரு வருஷம். மன்னிப்புக் கேட்கவும் இனி ஆள் இல்லை.