எருமையும் 'எடு' என்ற சொல்லும்

அந்தப் பெண் பதறிப்போய்த்தான் விமானத்தோடு விழுந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். பத்து நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விமானம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. குழாய்ச் சட்டம், துணி போர்த்திய இறக்கை, ஒரு இன்ஜின், இரண்டு இருக்கை. வண்டலூர் தாண்டி ஏரியோரம் இருந்த அந்தப் பயிற்சித் திடலில் ஓடுபாதைக்கு மாடு, நாய் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. எட்டாவதோடு படிப்பை விட்டு, லாரியில் கிளீனர், பள்ளிக்கரணையில் வாட்ச்மேன் என்று சுற்றிவிட்டு அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன். எதிலும் ஒரு வருடத்துக்கு மேல் நின்றதில்லை.

கையில் ஒரு வாக்கி டாக்கி கொடுத்திருந்தார்கள். "க்ளியர், இல்லன்னா நாட் க்ளியர். வேற எதுவும் பேசக்கூடாது" என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அவரை எல்லோரும் சார் என்போம்.

அந்தப் பெண் வங்கியில் வேலை பார்ப்பவர். சார் பக்கத்தில் இல்லாமல் தனியாக ஓட்டிய முதல் நாள் அது. சார் கீழே, பாதையின் மறுகோடியில், இன்னொரு வாக்கி டாக்கியோடு நின்றிருந்தார். இரண்டு முறை ஒழுங்காக இறங்கி ஏறினார். மூன்றாவது முறை அவர் இறங்கும்போது நான் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், நாணலுக்குள்ளிருந்து ஒரு எருமை பாதையில் ஏறி நிற்கிறது.

விமானம் ஒரு மாடி உயரத்தில் இருந்தது. இன்ஜினை முடுக்கி மேலே போய்விட்டால் போதும். "நாட் க்ளியர்" வாயில் வரவில்லை. "எடு! எடு!" என்று வாக்கி டாக்கியில் கத்தினேன். லாரிக்குப் பின்னால் நின்று அப்படித்தான் கத்துவேன். எடு என்றால் கிளப்பு, போ.

இன்ஜின் சத்தம் அடங்கியது. மூக்கு மேலே எழும்பியது, பிறகு விமானம் அப்படியே விழுந்து கவிழ்ந்தது. எருமை நின்ற இடத்திலேயே நின்றது.

அவருக்கு இடது கை முறிந்தது, முதுகில் ஒரு எலும்பு நசுங்கியது. விசாரணையில் என்னிடம் எருமையைப் பற்றி மட்டும் கேட்டார்கள். சொன்னேன்.

பத்தாம் நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"இன்னா மேடம், எப்டி கீது?"

"கட்டு போட்ட கைதான் நல்லா இருக்கு அண்ணா. மீதிதான் வலிக்குது. எருமை எப்படி இருக்கு?"

"அது ஜம்முனு கீது. மறுநாளே வந்துச்சு."

சிரிக்கப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கீழ வரும்போது சார் எப்பவும் 'எடு'ம்பார். பவரை எடு, குறைன்னு. அன்னிக்கும் அதான் கேட்டுச்சு, குறைச்சேன். சார் 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காம மறுபடி மேல போன்னுதான் கத்தினேன்னு சத்தியம் பண்றார். பயத்துல நானா கற்பனை பண்ணிக்கிட்டேனாம். இனிமே என்னைத் தனியா ஏத்தமாட்டாங்க."

சாரும் அதே நொடியில் பேசியிருக்கிறார். பொத்தானை அழுத்திப் பேசுகிறவருக்கு அடுத்தவர் பேச்சு கேட்காது. விமானத்துக்குப் பக்கத்தில் நின்ற என் குரல்தான் மேடம் காதுக்குப் போயிருக்கிறது.

சாத்துக்குடிப் பையின் முடிச்சை அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டேன்.

"அது சார் இல்ல மேடம். நான்தான். போ போன்னு சொல்லத்தான் கத்துனேன். லாரி பழக்கதோஷம்."

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் பதறல."

"இல்ல மேடம். காதுல வுழுந்ததத்தான் செஞ்சீங்க."

திட்டவில்லை. நல்ல கையால் போனில் சாரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் நீட்டினார். "இவர்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன்.

"இவ்ளோ நாள் எங்கய்யா போயிருந்த?"

"என் பேச்சாலதான்னு இப்பதான் சார் தெரிஞ்சுது."

"காலைல வந்து எழுதிக் குடு. அப்புறம் இந்தப் பக்கமே வராத."

காலையில் போய்த் தமிழில் ஆறு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் இரண்டு முறை படித்தார். பழைய அறிக்கையில் மாணவி பதறினார் என்றிருந்த வரியைப் பேனாவால் அடித்தார். அவர் அடித்து முடிக்கும்வரை நின்றிருந்து, வாக்கி டாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.