நோவு இல்லாமலே வா

அறுபதுகளின் கடைசியில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் வேலை பார்த்தேன். உங்களில் மூத்தவள் அப்போது தொட்டிலில் கிடந்தாள்.

அந்த வருசம் என் அண்ணன், காலையில் நன்றாக வேலைக்குப் போனவர், மிஷின் பக்கத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவேயில்லை. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு எனக்கும் நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. நானும் அப்படியே போய்விடுவேன் என்று பயம். கத்திரியைப் போட்டுவிட்டு எங்கள் குடும்ப டாக்டரிடம் ஓடுவேன். குழாய் வைத்துப் பார்த்து, "இருதயம் நல்லா இருக்குதப்பா" என்பார். தெம்பாகத் திரும்புவேன். இரண்டு நாளில் மறுபடியும் ஓடுவேன். ஒருநாள் நெஞ்சு, ஒருநாள் வயிறு, ஒருநாள் தலை.

"டாக்டரூட்டு மாப்ளை வந்தாச்சுங்கோ!" என்று கம்பெனியில் கேலி. உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தொட்டிலை ஆட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பாள்.

ஒருநாள் டாக்டர் மருந்து எழுதாமல், "அண்ணன் போனதிலிருந்துதானே இப்படி?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடிக்கும்வரை அடுத்த ஆளை அவர் கூப்பிடவில்லை.

"இதுவும் நோவுதான், மனசுல வந்தது. வாரா வாரம் புதன்கிழமை வா. நோவு இருந்தாத்தான் வரணும்னு இல்லை, சும்மாவே வா."

போனேன். பெஞ்சில் பக்கத்திலிருந்த அம்மாள், "உடம்புக்கு என்னங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க வந்தீங்க?"

"ஒண்ணுமில்லாட்டியும் வரச் சொன்னாருங்க."

அந்தம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

உள்ளே அண்ணனைப் பற்றிப் பேசினேன். வேட்டி சங்கிலியில் சிக்கி, சைக்கிளோடு அவர் வாய்க்காலில் விழுந்த கதையைச் சொல்லி, அவர் போனபின் முதல்முறையாகச் சிரித்தேன். படபடப்பு உடனே போய்விடவில்லை. வந்தால், புதன்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று துணியை வெட்டிக்கொண்டே இருப்பேன். அதுவாக அடங்கும். மெல்ல மெல்ல, வாரம் ஒருதரம் என்பது மாசம் ஒருதரமானது. அப்புறம் ஒருமுறை போகவே மறந்துவிட்டேன். மறுநாள் சோறு போடும்போது அதைச் சொன்னதும், உங்கள் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

கண்ணுகளா, நீங்கள் திடீரென்று ஊட்டுக்கு வந்து நின்றால் என்ன விசயம் என்று நான் கேட்காதது இதனால்தான்: அப்பாவிடம் வர ஒரு நோவு வேண்டியதில்லை என்று அந்தப் பெஞ்சில் கற்றுக்கொண்டேன்.