சட்டைப்பையில் ஓடிய ரெக்கார்டர்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்குப் படம் ஒரு பிரச்சினையே இல்லை, சத்தம்தான் தலைவலி. தாராவியில் எந்த ஹாலில் நிக்காஹ் வைத்தாலும் பக்கத்துச் சந்தில் நாலு தையல் மெஷின் ஓடும். கேமராவில் பதிவது அந்த இரைச்சல்தான். அதனால் பேசுகிறவர் சட்டைப்பையில் ஒரு குட்டி ரெக்கார்டரைப் போட்டுவிடுவேன். இரண்டும் ஓட ஆரம்பித்ததும் கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை கை தட்டினால் போதும். பிறகு கம்ப்யூட்டரில் கை சேருகிற படத்தையும் ‘டப்’ என்ற சத்தத்தையும் ஒன்றாக வைத்தால் வாயும் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

அன்று நான் தட்டவில்லை. நிக்காஹ் நடத்திவைக்கும் ஹஜ்ரத் உட்கார்ந்திருக்கிறார், பெரியவர்கள் தொப்பியோடு வரிசையாக இருக்கிறார்கள். நிக்காஹ் மஜ்லிஸில் கை தட்டுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. தொழில் என்று சொல்லித் தட்டியிருக்கலாம், கூச்சம் விடவில்லை. பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெண்ணின் வாப்பா எங்கள் சந்தில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவர். எனக்கு மாமா முறை. பெண்ணைத் தருகிற வாசகத்தைப் பெரும்பாலும் பெண் வீட்டுக்காக ஹஜ்ரத்தே சொல்லிவிடுவார். இவரோ, “எம்புள்ளைய நாந்தான் கொடுப்பேன், என் வாயாலதான் சொல்லுவேன்” என்று ஒற்றைக்காலில் நின்றார். ரெக்கார்டரை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு, “மாமா, தயவுசெஞ்சு இதத் தொட்டுராதீங்க” என்றேன்.

“ஏல, நான் என்ன சின்னப் புள்ளையா?” என்றார்.

பெண் டோம்பிவிலிக்கு வாழப் போனாள். மூன்றாவது வாரம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அதுவரை நான் வீடியோவை முடித்துக் கொடுக்கவில்லை. ஒரு மத்தியானம் அந்தப் பெண் ரயில் பிடித்து என் கடைக்கு வந்தாள்.

“அண்ணே, சாப்பாட்டுப் பந்தி எல்லாம் வெட்டி எறிங்க. வாப்பா என்னக் கொடுக்குற எடம் மட்டும் வேணும். வாயும் சத்தமும் ஏக்தம் கரெக்டா சேரணும். அவங்க கொரலு வேற எதுலயும் இல்ல. வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கன்னா, ‘பேசணும்னா போன் பண்ணு’ம்பாங்க.”

அவள் போனதும் உட்கார்ந்தேன். ரெக்கார்டிங்கைத் தள்ளித் தள்ளிக் கேட்டு, “என் மகளை” என்று முதலில் வந்த இடத்தைப் பிடித்துப் படத்தில் அவர் வாய் திறக்கும் இடத்தில் ஒட்டினேன். இரண்டு சொல் சரியாக இருந்தது. அதோடு சத்தம் நின்றுவிட்டது. படத்தில் வாய் மட்டும் அசைந்துகொண்டே போனது. ரெக்கார்டரைத் திட்டினேன், கம்ப்யூட்டரைத் திட்டினேன். அரை நாள் அப்படியே போனது.

கடைசியில் எரிச்சலோடு சத்தத்தை மட்டும் தொடக்கத்திலிருந்து கேட்டேன். கேமராவை ஓடவிடுவதற்கு முன்னாலேயே மாமா ஒத்திகை பார்த்திருக்கிறார். “என் மகளை” என்று தொடங்குவார், நின்றுவிடுவார். தொண்டையைச் செருமுவார். “அல்லா, என்னச் சொல்ல வச்சிரு” என்பார். மறுபடி “என் மகளை”. இப்படி ஏழு தடவை. நான் படத்தோடு சேர்க்கப் பார்த்தது இந்த ஒத்திகையைத்தான்.

அதன் பிறகு படத்தை மெதுவாக ஓடவிட்டேன். ஹஜ்ரத் கண் காட்டுகிறார். மாமா வாய் திறப்பதற்கு முன், கருவி இருக்கிறதா என்று சட்டைப்பையை இரண்டு தட்டுத் தட்டுகிறார். தொடாதீங்க என்று சொன்னேன், தொட்டிருக்கிறார் மனுஷர். சத்தத்திலும் ‘டொப் டொப்’ என்று இருந்தது. இரண்டையும் சேர்த்தேன். “என் மகளை இந்த மஹருக்கு உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்.” ஓர் இடத்திலும் தடுக்காமல் முழுதாகச் சொன்னார். கடையில் தனியாக உட்கார்ந்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். மகளும் வந்திருந்தாள். சேர்த்த வீடியோவைப் போட்டதும் மாமா நாற்காலியில் அசையாமல் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருக்குமோ என்று தயங்கி, ஒத்திகை விஷயத்தை அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன்.

“அதையும் போடுங்கண்ணே” என்றாள். “பேசிப் பழகச் சொல்லி டாக்டர் சொல்லிருக்காரு. வாயே தொறக்க மாட்டேங்கறாங்க.”

போட்டேன். “என் மகளை”, செருமல். “என் மகளை”, செருமல். நாலாவது தடவை நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு அசைந்தது. ஏழாவது தடவை ரெக்கார்டரோடு சேர்ந்து, “எம் மவ” என்றார். அன்று நின்ற அதே இடத்தில் இன்றும் நின்றார்.

மகள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, “போதும் வாப்பா, இம்புட்டுப் போதும்” என்று அழுதாள்.

மாமா இடது கையை நீட்டி லேப்டாப்பை இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடி போடச் சொன்னார்.